உறங்கிய சட்டங்கள்: இங்கிலாந்திற் சங்கங்களும் பொதுக்கூட்டங்களும், 1792 - 1848

மனிதன் தனித்து வாழும் இயல்பினன் அல்லன். குறை நேர்ந்தவிடத்து அயலானை நாடுதலும், அயலாரெல்லாம் ஒருங்கு கூடி அக்குறையை எடுத்துரைத்தலும், கூடியவர் சிதறிப்போகாவண்ணம் ஒரு சங்கமாய் அமைதலும் அவனுக்கு இயற்கை. இவ்வியற்கையை எந்த அரசும் முற்றாக ஒழித்ததில்லை. எந்த அரசும் கட்டின்றி விட்டதுமில்லை. எத்தனை பேர் கூடலாம், எங்கே கூடலாம், எவரிடம் அனுமதி பெறவேண்டும், ஓரூர்ச் சங்கம் மற்றோரூர்ச் சங்கத்தோடு தொடர்பு கொள்ளலாமா என்னும் வினாக்களுக்கு ஒவ்வோர் அரசும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விடை கூறி வந்துள்ளது. அவ்விடைகளை வரிசைப்படுத்தி நோக்கின், அரசு எதனை அஞ்சியது என்பது நன்கு புலனாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இங்கிலாந்தின் வரலாறு பெரிதும் பயன்படும். சுதந்திரத்தின் தாயகம் என அந்நாட்டைப் போற்றுவோர் பலர். ஆயினும், கூட்டங் கூடும் உரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் அந்நாட்டு மக்களுக்கு எளிதிற் கிட்டினவல்ல. பிரான்சியப் புரட்சிக்குப் பிற்பட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் அவ்வுரிமைகள் பலமுறை ஒடுக்கப்பட்டும் மீட்கப்பட்டும் உருப்பெற்றன. அக்காலத்து நிகழ்ச்சிகளிலிருந்து இரண்டு உண்மைகளை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, அரசு பெரிதும் அஞ்சியது திரண்ட கூட்டத்தையன்று, கூட்டம் கலைந்த பின்னும் தொடர்பு அறாத சங்கத்தையே என்பது. மற்றொன்று, நெருக்கடியிற் பிறந்த சட்டங்களுட் காலவரையறை உடையவை பெரும்பாலும் தாமே மறைந்தன. வரையறையின்றி ஏட்டில் நின்றவையோ உறங்கிக் கிடந்து, எவரும் எதிர்பாராத ஒரு நாளில், எவரும் எதிர்பாராத ஒருவர்மீது விழித்தெழுந்தன என்பது.

பழைய வரம்புகள்

உள்நாட்டுப் போரின் நினைவு மாறாத காலத்தில், இரண்டாம் சாள்ஸ் அரசனாகிய மறுவருடம், 1661இல், விண்ணப்பம் கொண்டு செல்வோர் பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. திருச்சபையிலோ அரசிலோ மாற்றம் வேண்டும் விண்ணப்பமொன்றில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் கையொப்பமிடுவதாயின் மூன்று சமாதான நீதவான்களின் சம்மதமாவது அதற்கு நிகரான பிறர் சம்மதமாவது வேண்டும். அரசனிடமோ பாராளுமன்றத்திடமோ அதனைக் கொண்டு செல்வோர் பதின்மருக்கு மேற்படலாகாது என்பன அதன் விதிகள். 1689ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயம் அரசனிடம் விண்ணப்பித்தல் குடிகளின் உரிமை என அறுதியிட்டுக் கூறியது. எனவே, 1661ஆம் ஆண்டுச் சட்டம் அத்துடன் ஒழிந்ததெனப் பலர் எண்ணினர். ஆனால், 1780இல் இலண்டனில் நிகழ்ந்த கோடன் கலகத்தை அடுத்து நடந்த வழக்கிலே, பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு அச்சட்டம் இன்னும் உயிரோடிருக்கின்றதெனத் தீர்ப்புரைத்தார். நூற்றிருபது ஆண்டுகள் உறங்கிய சட்டம் அன்று கண்விழித்தது. அது மீண்டும் மீண்டும் விழிப்பதை மேலே காண்போம்.

1715ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம் இரண்டாவது வரம்பாகும். பன்னிருவரோ அதற்கு மேற்பட்டவரோ அமைதி குலையும் வகையிற் கூடின், நீதவான் ஒரு பிரகடனத்தை உரத்து வாசித்தல் வேண்டும். வாசித்து ஒரு மணி நேரத்தின் பின்னும் கலையாது நிற்போர் மரண தண்டனைக்குரியர். அவர்களைக் கலைக்கும்போது எவரேனும் இறக்க நேரின், கலைத்தவர் மீது குற்றமில்லை. இவ்விரு சட்டங்களும் கூட்டத்தை எண்ணிக்கையாலும் நேரத்தாலும் அளந்தவை. சங்கம் என்னும் பொருள் அவற்றின் கண்ணிற் படவில்லை. அக்காலத்துச் சாமானியர் அரசியலுக்கெனச் சங்கம் அமைப்பர் என எவரும் கருதாமையே அதற்குக் காரணம்.

சப்பாத்துத் தொழிலாளி அமைத்த சங்கம்

அக்கருத்தை மாற்றியவர் தோமஸ் ஹாடி என்னும் சப்பாத்துத் தொழிலாளி. 1792ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், இலண்டனில் ஸ்ராண்ட் வீதிக்கு அண்மையிலிருந்த ஒரு மதுச்சாலையில், ஒன்பதின்மர் கூடி இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்தை ஆரம்பித்தனர். பாராளுமன்றச் சீர்திருத்தமும் வளர்ந்த ஆடவர் யாவர்க்கும் வாக்குரிமையும் அவர்கள் வேண்டியவை. வாரம் ஒரு பென்னி சந்தா. உறுப்பினர் தொகைக்கு எல்லையில்லை என்பது அவர்கள் வகுத்த முதல் விதிகளுள் ஒன்று. இவ்விதி இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அரசியல் என்பது நிலமும் செல்வமும் உடையாரின் தனியுரிமையாயிருந்த நாட்டிலே, ஒரு பென்னி கொடுக்கும் எவரும் வரலாம் என்றமை பெரும் புதுமை.

சங்கம் வளர்ந்தபோது பல பிரிவுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவும் ஒரு பிரதிநிதியைப் பொதுக் குழுவுக்கு அனுப்பிற்று. ஷெபீல்ட், நோரிச் முதலிய நகரச் சங்கங்களோடு கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. இதுவே அரசை அச்சுறுத்தியது. பிரான்சிலே யக்கோபினர் கழகங்கள் ஊர்தோறும் கிளைபரப்பி நாட்டையே ஆட்டிப்படைத்ததைப் பிரதம மந்திரி இளைய பிற்று கண்டிருந்தார். எடின்பரோவில் 1793இல் நடைபெற்ற மாநாட்டுக்கு அச்சங்கம் அனுப்பிய மாகரற், ஜெரால்ட் என்னும் இருவரும் ஸ்கொத்லாந்து நீதிமன்றத்தாற் பதினான்கு ஆண்டுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1794 மே மாதத்தில் ஹாடியும் கைதானார். ஆட்கொணர்வுச் சட்டம் இடைநிறுத்தப்பட்டது. அவர் சிறையிலிருக்கையில், வீதியிற் களியாட்டயர்ந்த கும்பலொன்று அவருடைய வீட்டைத் தாக்கியது. அவ்வதிர்ச்சிக்குப்பின் அவர் மனைவி பிரசவத்தில் இறந்தார்.

ஹாடிமீது சுமத்தப்பட்டது இராசத்துரோகக் குற்றம். தண்டனை மரணம். வழக்கறிஞர் தோமஸ் எர்ஸ்கின் அவருக்காக வாதாடினார். மன்னனைக் கொல்ல எண்ணியதற்குச் சான்று எங்கே என்பதே அவருடைய வாதத்தின் சாரம். 1794 நவம்பர் 5ஆந் திகதி, யூரிமார் ஹாடியைச் சுற்றவாளி எனத் தீர்த்தனர். பின்னர் ஹோண் தூக்கும் ஜோன் தெல்வோலும் அவ்வாறே விடுதலை பெற்றனர். பன்னிரு சாதாரண இலண்டன்வாசிகள் அரசின் கையைப் பிடித்து நிறுத்தினர் எனலாம். ஆனால், அரசு கற்ற பாடம் வேறு. இருக்கும் சட்டம் போதாதாயின் புதிய சட்டம் வேண்டும் என்பதே அது.

வாயடைப்புச் சட்டங்கள்

1795ஆம் ஆண்டு விளைவு குன்றிய ஆண்டு. பாணின் விலை ஏறிற்று. ஒக்டோபர் இறுதியிற் பாராளுமன்றத்தைத் திறந்துவைக்கச் சென்ற மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் வண்டி தாக்கப்பட்டது. அதனைக் காரணங் காட்டி, டிசம்பர் மாதத்தில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. அவற்றுள் இரண்டாவதாகிய ராஜநிந்தைக் கூட்டச் சட்டம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. அரசின் குறைகளை ஆராய்தற்கோ விண்ணப்பித்தற்கோ ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் கூடுவதாயின், வீட்டுரிமையாளர் எழுவர் கையொப்பமிட்டு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். கூட்டத்திற்கு வரும் நீதவான், பேச்சுத் தகாதெனக் கருதின் கூட்டத்தைக் கலைக்கலாம். கட்டணம் பெற்று விரிவுரை நிகழ்த்தும் மண்டபங்களுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

பிந்திய விதி தெல்வோலைக் குறிவைத்தது. அவர் அரசியல் விரிவுரைகளாற் பெரும் புகழ் பெற்றிருந்தவர். அவர் என்செய்தார்? நிகழ்கால அரசியலை விடுத்து உரோம வரலாறு பற்றி விரிவுரை நிகழ்த்தினார். உரோமரின் கொடுங்கோலரைப் பற்றிக் கூறியவற்றைக் கேட்டவர்கள் தத்தமக்கேற்றவாறு பொருள்கொண்டனர். வரலாறு கற்போர் இதனை மறத்தலாகாது. பேச்சை அடைக்கும் சட்டம் பேசும் பொருளை மாற்றுமேயன்றிப் பேச்சையே நிறுத்திவிடுவதில்லை.

1797இல் ஸ்பிற்ஹெட், நோர் என்னும் இடங்களிற் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி அடங்கிய பின்னர், சட்டவிரோதமான சத்தியப்பிரமாணங்களைச் செய்வித்தலும் ஏற்றலும் ஏழாண்டு நாடுகடத்தலுக்குரிய குற்றம் என ஒரு சட்டம் நிறைவேறியது. மாலுமிகளை மனத்திற்கொண்டு எழுந்த இச்சட்டத்திற்குக் காலவரையறை இல்லை. இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக.

1799 யூலை மாதத்தில் அரசு நேராகவே சங்கங்களின்மீது கைவைத்தது. இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கமும், ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கமும், அவைபோன்ற பிறவும் பெயர் குறித்துத் தடைசெய்யப்பட்டன. பெயர் குறித்ததோடு அச்சட்டம் அமையவில்லை. சத்தியப்பிரமாணம் வாங்குஞ் சங்கம், உறுப்பினர் பெயரை மறைக்குஞ் சங்கம், தனித்தனியே இயங்கும் கிளைகளையுடைய சங்கம் ஆகியன யாவும் சட்டவிரோதமானவையென அது விதித்தது. அச்சு இயந்திரம் வைத்திருப்போர் பதிவுசெய்தல் வேண்டும். அச்சிடும் தாளில் அச்சிட்டவர் பெயர் இருத்தல் வேண்டும். ஈண்டுக் குற்றமெனக் கொள்ளப்பட்டது எவருடைய செயலும் அன்று. சங்கத்தின் அமைப்பே குற்றமாயிற்று. கூட்டம் ஒரு மணி நேரத்திற் கலைந்துவிடும். கிளையும் கடிதமும் அச்சும் கலைவதில்லை. அரசின் அச்சம் எங்கே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால், எல்லாச் சங்கங்களையும் அரசு ஒரே கண்கொண்டு நோக்கவில்லை. பிரபுக்களும் அரச குடும்பத்தினரும் அங்கத்துவம் பெற்றிருந்த பிறீமேசன் சங்கங்கள், ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலைக் கையளித்தாற் போதும் என விலக்களிக்கப்பட்டன. நோய்க்கும் முதுமைக்கும் மரணச் செலவுக்குமெனத் தொழிலாளர் பணஞ் சேர்த்த பரஸ்பர சகாய சங்கங்களை 1793ஆம் ஆண்டுச் சட்டம் ஆதரித்தது. தம் விதிகளை நீதவான்களிடம் காட்டிப் பதிவுசெய்த சங்கங்களின் நிதிக்கு அச்சட்டம் பாதுகாப்பளித்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய சங்கங்களில் ஏழு இலட்சம் அளவிலானோர் இருந்தனர். ஏழைகளைத் தாங்கும் வரிச்சுமையை அச்சங்கங்கள் குறைத்தமையால் ஆட்சியாளர் அவற்றை விரும்பினர். அதே தொழிலாளர் கூலி உயர்வு கேட்டுக் கூடினாலோ, 1799, 1800ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் இணைப்புத் தடைச் சட்டங்களின்படி யூரிமார் விசாரணையின்றியே மூன்று மாதச் சிறை நேரும். 1800ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிமாரின் கூட்டையும் தடுத்ததாயினும், அதன் பாரம் தொழிலாளர்மீதே விழுந்தது. பல தொழிலாளர் கழகங்கள் பரஸ்பர சகாய சங்கம் என்னும் போர்வைக்குள் ஒதுங்கிப் பிழைத்தமை வியப்பன்று.

பதின்மராய் நடந்தவர்கள்

நெப்போலியனோடு நிகழ்ந்த போர் 1815இல் முடிவுற்றது. கூலி வீழ்ந்தது, தானியச் சட்டத்தால் உணவு விலை தாழவில்லை. 1817இல் ஆட்கொணர்வுச் சட்டம் மீண்டும் இடைநிறுத்தப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 10ஆந் திகதி மாஞ்செஸ்ரர் நெசவாளர் பலர் அரசப் பிரதிநிதியிடம் விண்ணப்பங் கொண்டு இலண்டனை நோக்கி நடக்கத் தொடங்கினர். வழியிற் படுப்பதற்காக ஒவ்வொருவரும் ஒரு கம்பளியைச் சுமந்தமையாற் கம்பளிக்காரர் என அவர்களை வரலாறு அழைக்கின்றது. அவர்கள் பப்பத்துப் பேராய்ப் பிரிந்து நடந்தனர். காரணம் யாது? பதின்மருக்கு மேற்பட்டோர் விண்ணப்பங் கொண்டு செல்லலாகாது என்னும் 1661ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அமைதலே. தம் விண்ணப்பத்தைக் கையிற் கட்டிக்கொண்டு, நூற்றைம்பது ஆண்டுப் பழைய சட்டத்தின் எழுத்துக்கு எழுத்துப் பணிந்து நடந்த அம்மக்களைக் குதிரைப்படை மறித்தது. பலர் சிறைப்பட்டனர், மற்றையோர் திரும்பினர். பட்டினியால் நலிந்த நெசவாளர் சட்டத்தைக் கற்று அதன்படி ஒழுகினர். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களுக்கோ அது போதுமானதாயில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1819 ஓகஸ்ட் 16ஆந் திகதி, அதே நகரின் சென் பீற்றர் வெளியில் ஏறத்தாழ அறுபதினாயிரம் மக்கள் கூடினர். அக்கூட்டத்திற்கு முதலில் நியமிக்கப்பட்ட நாள் ஓகஸ்ட் 9. பிரதிநிதி ஒருவரைத் தெரிவுசெய்தல் அதன் நோக்கமென அறிவிக்கப்பட்டதால் நீதவான்கள் அதனைச் சட்டவிரோதமென்றனர். அமைப்பாளர் சட்ட ஆலோசனை பெற்று, நோக்கத்தை மாற்றி, நாளையும் மாற்றினர். ஒழுங்கீனம் நேரலாகாதென விரும்பி, சுற்றுவட்டாரக் கிராமத்தவர் வெட்டவெளிகளில் அணிவகுத்து நடந்து பழகினர். அன்று பெண்கள் பலர் வெண்ணிற ஆடை உடுத்தி வந்தனர், குழந்தைகளும் வந்தனர். ஆயின், நீதவான்கள் அவ்வணிவகுப்பைப் போர்ப்பயிற்சியெனக் கொண்டனர். பேச வந்த ஹென்றி ஹண்டைக் கைதுசெய்யுமாறு பணிக்கப்பட்ட தொண்டர் குதிரைப்படை வாளோடு கூட்டத்துட் புகுந்தது. பின்னர் அரச குதிரைப்படையும் ஏவப்பட்டது. கலகச் சட்டப் பிரகடனம் வாசிக்கப்பட்டதென நீதவான்கள் கூறினும், அதனைக் கேட்டவர் மிகச் சிலரே. பதினெண்மர் இறந்தனர் எனவும், அறுநூற்றுவருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர் எனவும் ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். இறந்தோருள் முதல்வன் இரண்டு வயதுக் குழந்தை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வாட்டர்லூப் போரை நினைவூட்டி, இக்கொடுமைக்குப் பீற்றர்லூ என மக்கள் பெயரிட்டனர்.

உள்நாட்டு மந்திரி சிட்மத் பிரபு அரசப் பிரதிநிதியின் நன்றியை நீதவான்களுக்குத் தெரிவித்தார். ஹண்ட் இரண்டரை ஆண்டு சிறையிருந்தார். ஆண்டிறுதியில் ஆறு சட்டங்கள் நிறைவேறின. அணிவகுத்துப் பழகுதல் தடையாயிற்று. ஐம்பதின்மருக்கு மேற்பட்ட கூட்டங்களுக்குக் கடும் விதிகள் வந்தன. அவ்வூரவரன்றிப் பிறவூரார் வரலாகாது, கொடிபிடித்தலாகாது என்றனர். மலிவுப் பத்திரிகைகளுக்கு நாலு பென்ஸ் முத்திரை வரி விதித்தனர். ஒழுங்காக நடந்தால் அது இராணுவப் பயிற்சி, ஒழுங்கின்றி நடந்தால் அது கலகம் என்னும் நிலை ஏற்படின், மக்கள் எவ்வாறு நடத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு ஆறு சட்டங்களிலும் விடையில்லை.

சட்டத்தை அறிந்த தலைவர்

இதே காலத்தில் ஐயர்லாந்திலே வேறொரு முறை கையாளப்பட்டது. டானியேல் ஓக்கொனல் ஒரு வழக்கறிஞர். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெறவேண்டி 1823இற் கத்தோலிக்க சங்கத்தை நிறுவினார். மறுவருடம் மாதம் ஒரு பென்னி செலுத்தும் எவரும் இணைந்துகொள்ளலாம் என்னும் திட்டம் எழுந்தது. கோயில்தோறும் பணம் சேர்ந்தது. பென்னியோடு பென்னியாக ஓர் இனமே அணிதிரண்டது. 1825இற் பாராளுமன்றம் ஐயர்லாந்தில் அரசியற் குறைகளை நீக்கக் கருதும் எச்சங்கமும் பதினான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து இயங்கலாகாதெனச் சட்டஞ் செய்தது. ஓக்கொனல் சங்கத்தைக் கலைத்தார். கல்வி, தருமம் முதலியனவும் சட்டத்தால் தடுக்கப்படாத பிறவும் கருதியதெனக் கூறிப் புதிய கத்தோலிக்க சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அரசியல் பேசப் பதினான்கு நாட் கூட்டங்களைத் தனியே நடத்தினார். 1828இற் கிளேர்த் தொகுதியில் அவர் வெற்றி பெற்றார். 1829இற் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது.

அவ்வுரிமையை வழங்கிய அதே ஆண்டில், கத்தோலிக்க சங்கத்தை ஒடுக்கும் சட்டமும், ஐரிஷ் கிராமங்களில் வாக்குரிமைக்கு வேண்டிய சொத்துத் தகுதியை நாற்பது சிலிங்கிலிருந்து பத்துப் பவுணாக உயர்த்திய சட்டமும் நிறைவேறின. கேட்டதைக் கொடுத்தாலும், கேட்கப் பயன்பட்ட கருவியைக் கையில் விடுவதற்கு அரசு விரும்பவில்லை.

அறுவர்மீது விழித்தெழுந்த சட்டம்

தொழிலாளர் இணைப்புத் தடை 1824இல் நீங்கியது. அதற்காக உழைத்தவர் பிரான்சிஸ் பிளேஸ் என்னும் தையற்காரர். இளமையில் ஹாடியின் சங்கத்தில் இருந்தவர். பாராளுமன்றத்தில் ஜோசப் ஹியூம் அவருக்குத் துணைநின்றார். சங்கம் அமைத்தல் குற்றமன்று என்றாகிவிடின் சங்கங்களே தேய்ந்துபோகும் என்பது பிளேசின் எண்ணம். அவ்வாறு நிகழவில்லை, எங்கும் சங்கங்கள் தோன்றின, வேலைநிறுத்தங்கள் மலிந்தன. 1825இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், கூலியும் வேலை நேரமும் பற்றிக் கூடுதலை அனுமதித்து, அச்சுறுத்தல், இடையூறு செய்தல் என்னும் பொருள்விரிந்த சொற்களாற் புதிய குற்றங்களை வகுத்தது. எனினும், சங்கம் அமைத்தல் தன்னளவிற் குற்றமன்று என்னும் கொள்கை நிலைபெற்றது.

இங்ஙனம் நிலைபெற்று ஒன்பதாண்டு கழிந்தபின்னரே ரோல்புடில் வழக்கு நிகழ்ந்தது. டோசெற் பகுதியைச் சேர்ந்த இச்சிற்றூரின் வயற்றொழிலாளர் வாரக்கூலி ஒன்பது சிலிங்கிலிருந்து எட்டாகவும் ஏழாகவும் இறங்கி, ஆறாகும் நிலையை அடைந்தது. ஜோர்ஜ் லவ்லெஸ் என்னும் மெதடிஸ்த போதகர் தலைமையில் அவர்கள் 1833இல் ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் வேலைநிறுத்தம் செய்திலர், வைக்கோற்போர் எரித்திலர். சங்கத்திற் சேர்ந்தோர் கண்ணைக் கட்டி ஓர் உறுதிமொழி எடுத்ததே அவர்கள் செய்தது. சங்கம் சட்டபூர்வமானது, ஆயினும் உறுதிமொழி? நீதவான்களும் உள்நாட்டு மந்திரி மெல்பேண் பிரபுவும் ஏடுகளைப் புரட்டினர். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் மாலுமிகளுக்காக இயற்றிய 1797ஆம் ஆண்டுச் சத்தியப்பிரமாணச் சட்டம் அங்கே கிடந்தது. கடலையே காணாத உழவர் அறுவர் 1834 மார்ச் மாதத்தில் அச்சட்டத்தின்படி ஏழாண்டு அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

ஏப்பிரல் 21ஆந் திகதி இலண்டனிற் பெருந்திரளான தொழிலாளர் அமைதியாக ஊர்வலம் சென்றனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் கொண்டுசெல்லப்பட்டது. 1836இல் அறுவரும் மன்னிக்கப்பட்டனர். மீண்டு வந்தோருட் பெரும்பாலார் பின்னர் கனடாவிற் குடியேறினர்.

1848 ஏப்பிரல் 10ஆந் திகதி சாட்டிச இயக்கத்தினர் கெனிங்ரன் வெளியிற் கூடித் தம் பெருவிண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுசெல்ல எண்ணியபோதும் 1661ஆம் ஆண்டுச் சட்டம் நினைவூட்டப்பட்டது. ஏறத்தாழ 85,000 விசேட கொன்ஸ்தாபிள்மார் சத்தியப்பிரமாணம் செய்து நின்றனர். கூட்டம் அனுமதிக்கப்பட்டது, ஊர்வலம் ஆற்றைக் கடக்க அனுமதிக்கப்படவில்லை. விண்ணப்பம் வாடகை வண்டிகளிலே சென்றது. அச்சட்டம் முற்றாக நீக்கப்பட்டது 1986ஆம் ஆண்டிலேயே. 325 ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது.

முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து நாம் அறிபவை எவை? சங்கங்களையும் கூட்டங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் எல்லாம் தீது என இவ்வரலாறு கூறவில்லை. 1793ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளின் சேமிப்பைக் காத்தது. பல்லாயிரவர் கூடும்போது வீதியும் வழிப்போக்கரும் காக்கப்படல் வேண்டும் என்பதும் மறுத்தற்கரியது. ஆயின், நல்ல ஒழுங்கையும் ஒடுக்குமுறையையும் பிரித்தறிதற்கு மூன்று அளவுகோல்களை அது நமக்குத் தருகின்றது. சட்டம் மனிதன் செய்த செயலைத் தண்டிக்கின்றதா, அவன் இன்ன சங்கத்தவன் என்பதையே தண்டிக்கின்றதா? முன்னறிவித்தல் கேட்கின்றதா, அனுமதி கேட்கின்றதா? அதிகாரி தவறின் அவருக்கு மேல் ஒரு நீதிமன்றம் உண்டா, இல்லையா? ஹாடியைக் காத்தது யூரிமார் மன்றம். பீற்றர்லூவில் இறந்தோருக்கு அவ்வாறான காப்பு இருக்கவில்லை. கூட்டத்தைக் கணித்தவரும், கலைத்தவரும், பின்னர் தாம் செய்தது சரியெனக் கூறியவரும் ஒரே நீதவான்களே.

இவை அனைத்தும் பிறநாட்டார் கதை எனத் தள்ளிவிடுதற்கில்லை. நம் நாட்டுச் சட்டங்களுட் பல அம்மரபில் வந்தவை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பதிவு முறையை இலங்கைக்குக் கொணர்ந்தது. 1937இல் அவுஸ்திரேலியரான பிரேஸ்கேடில் என்னும் இளைஞரை நாடுகடத்தத் தேசாதிபதி 1896ஆம் ஆண்டின் ஆணையொன்றைத் துணைக்கொண்டபோது, அவசரநிலை இல்லாத காலத்தில் அவ்வதிகாரம் செல்லாதென உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. உறங்கிய சட்டம் விழித்த ஞான்று நீதிமன்றமும் விழித்திருந்தமை நம் நல்லூழ். பத்தாண்டின் பின்னர், 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது, பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டம் விரைந்து இயற்றப்பட்டது. அவ்வேலைநிறுத்தம் சில வாரங்களில் முடிந்தது; அச்சட்டமோ சுதந்திரத்தின் பின்னரும் நின்று, பல அரசாங்கங்களின் கைக்கருவியாயிற்று.

ஆதலின், நெருக்கடிக் காலத்தில் ஒரு சட்டம் முன்வைக்கப்படும்போது, இன்று இதனை எவர்மீது பயன்படுத்தப் போகின்றனர் என்று மாத்திரம் வினவுதல் போதாது. இது எந்நாளில் முடிவுறும் எனவும், முடிவுறாதாயின் முப்பது ஆண்டின் பின்னர் எவர் கையில் இருக்கும் எனவும் வினவுதல் வேண்டும். மாலுமிகளுக்கு அஞ்சி இயற்றிய சட்டத்தை ஆதரித்து வாக்களித்தோர் ரோல்புடில் உழவரைக் கனவிலும் எண்ணியிரார். அவ்வுழவர் அறுவரும் செய்த குற்றம், ஆறு சிலிங் கூலியால் தம் மக்கள் பட்டினி கிடத்தலாகாதென ஓரிடத்திற் கூடி உறுதி பூண்டமையேயாம்.